சீனத்தும்மாவின் பல்செட்டும் என் நாடியும்

பொய்ப்பற்களை உலர விடக் கூடாது, டொக்டர். கழற்றி வைத்தால் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். உலர்ந்தால் ஓரம் வளைந்துவிடும், பிறகு பல் இல்லாத முரசில், ஈறில், ஒழுங்காக இருக்காது. என் அறையில் ஒரு ஜாம் போத்தலுக்குள் மேல்வரிசையும் கீழ்வரிசையும் இருக்கின்றன. தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேன். சொந்தக்காரிகூட இவ்வளவு கவனமாக வைத்திருந்திருக்க மாட்டார்.

நீங்கள் கேட்டது பற்களைப் பற்றி அல்ல என்று தெரியும். ஒரு மாதத்துக்கென்று எழுதித் தந்த மாத்திரை எப்படி இவ்வளவு விரைவாக முடிந்தது என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்வதானால் பற்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். நோயாளி சொல்வதை டொக்டர் வெளியில் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. வருமுன் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் கல்முனைக்கு மாற்றலாகி வந்து அதிக காலமில்லை. அதனால் எங்கள் வளவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே வளவில் மூன்று வீடுகள். ஒன்று உம்மாவுடையது. அதில் நானும் தங்கை நதீராவும் இருக்கிறோம். இரண்டாவது எங்கள் மூத்தவர் றாஹிலா ராத்தாவுக்குக் கல்யாணத்தின்போது கொடுத்தது. அவருடைய கணவர் சவூதியில். மூன்றாவது உம்மாவின் மூத்த சகோதரி ஆயிஷா உம்மாவுடையது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அதற்குள் அழைத்து வருவது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே சகோதரிகள் பிரிவதில்லை. வேலிக்கு மேலால் உப்புப் போகும், கறிவேப்பிலை போகும், சில நேரம் கோழியும் போகும். கோழி திரும்பி வராத நாட்களில் எங்கள் வளவில் நாடி பார்ப்பார்கள்.

நாடி பார்ப்பது ஆயிஷா பெரியும்மாதான். அவர் மருத்துவிச்சி. ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டவர். கர்ப்பிணியின் நாடியைப் பிடித்து ஆணா பெண்ணா என்று சொல்வார். பாதித் தடவை சரியாக இருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு களவும் பிடிக்கத் தொடங்கினார். சந்தேகத்துக்கு உரியவர் பாயில் உட்கார வேண்டும். பெரியும்மா மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார். ஆணாக இருந்தால் நடுவில் ஒரு வெள்ளைத் துணி. பிறகு காணாமற்போன பொருளின் பெயரை மெதுவாகச் சொல்வார். நாடி ஓடினால் கள்ளி. ஓடாவிட்டால் நல்ல பிள்ளை.

எனக்கு எப்போதும் ஓடும். தபால்காரன் மணி அடித்தாலே ஓடும். றாஹிலா ராத்தாவின் விடைக்கோழி காணாமற்போனபோது என் நாடிதான் ஓடியது. டின்பால் குறைந்தபோதும் அப்படித்தான். உம்மாவின் காதுப்பூ தொலைந்தபோது எனக்குப் பிரம்படி விழுந்தது. பிறகு அது தண்ணீர் ஓடும் பீலிக்குள் கிடந்து கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "நாடி பொய் செல்லாது. எடுக்காட்டியும் எடுக்க நெனச்சிருப்பாள்" என்றார் பெரியும்மா.

இதை நான் மனத்தாங்கலோடு சொல்லவில்லை. செய்யாத குற்றங்களுக்கான தண்டனை என் கணக்கில் முன்கூட்டியே சேர்ந்திருந்தது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பேராதனையில் விஞ்ஞானம் படித்து முடித்து, ஆசிரியர் நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்தபோது நிந்தவூரில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை காலிதீன். நாவிதன்வெளிப் பக்கம் வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் நீர்ப்பாசன உத்தியோகத்தர். அவரை எனக்குத் தெரியாது. படிக்கும் காலத்தில் ஒருமுறை கண்டி பஸ்ஸில் ஜன்னலோரத்து இடத்தை எனக்கு விட்டுத் தந்திருக்கிறார், அவ்வளவுதான். நீலக் கட்டம் போட்ட சேட். மஹியங்கனையில் இறங்கி இரண்டு பிளேன்ரீ வாங்கி ஒன்றை ஜன்னலால் நீட்டினார். சீனி சற்றுக் கூட. இடது கைப் பெருவிரலில் ஒரு பழைய தழும்பு. வேறொன்றும் நினைவில்லை.

பெண் பார்க்க அவருடைய தாய் சீனத்தும்மா, மகள், இன்னும் சில பெண்கள் வந்தார்கள். நான் சர்பத்துத் தட்டத்தோடு மண்டபத்துக்குள் போனேன். கை நடுங்கியது. கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்தன. அறை அமைதியாக இருந்ததால் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"மட்டக்களப்புக் கோச்சி வந்துட்டு போல" என்றார் சீனத்தும்மா. பெண்கள் ரயில் சத்தத்தை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "புள்ளைக்கு நரம்பு வருத்தமா?"

"இல்ல ராத்தா, படிச்ச புள்ள. வெக்கம்" என்றார் உம்மா.

"படிச்சாக் கை ஆடுமாகா? அப்ப படிச்ச டொக்டர்மார் எப்படி ஊசி போடுற?" அவர் கழுத்தை நீட்டி உள்கதவைப் பார்த்தார். "அந்தா நிக்காளே சின்னவள். அவள்ட கையில தட்டத்தக் குடுங்க பாப்பம்."

நதீரா தட்டத்தை வாங்கினாள். ஒரு சத்தமும் இல்லை. சம்பந்தம் அவளுக்கு மாறியது.

அதற்கு அடுத்த கிழமைதான் நான் உங்களிடம் வந்தேன். நினைவிருக்கும். கையை நீட்டச் சொன்னீர்கள், விரல்களுக்கு மேல் ஒரு கடதாசி வைத்துப் பார்த்தீர்கள், கழுத்தைத் தடவித் தைரொயிட் வீக்கம் இல்லை என்றீர்கள். முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். பிறகு புரொப்பிரனலோல் எழுதினீர்கள். பிறசருக்கும் நெஞ்சுவலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பது, மேடையில் நடுங்குபவர்களுக்கும் கொடுப்பதுண்டு என்றீர்கள்.

நான் அதைப் பற்றி மேலும் படித்தேன். பயம் வந்தால் சிறுநீரகத்துக்கு மேல் குந்தியிருக்கும் சுரப்பி அதிரனலினைக் கொட்டுகிறது. அது இரத்தத்தோடு போய் இதயத்தில் உள்ள பீட்டா வாங்கிகளில் உட்காருகிறது. உடனே இதயம் ஓடுகிறது. உங்கள் மாத்திரை முந்திப் போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. பஸ் புறப்படுமுன் ஜன்னலால் கைலேஞ்சி போட்டு சீற்றுப் பிடிப்பதைப் போல. அதிரனலின் ஏறிப் பார்த்தால் இருக்க இடமில்லை. பயம் அப்படியே இருக்கும். ஆனால் நின்றுகொண்டே பயணம் செய்யும்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் பெரியும்மாவின் மூன்று விரல்கள் நினைவுக்கு வந்தன. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஒரு விஞ்ஞான ஆர்வம்.

நோன்புக்கு முந்திய மாதம் சீனத்தும்மாவும் பெண்களும் நதீராவுக்கு நாள் குறிக்க வந்தார்கள். அஸர் தொழுகைக்காக அவர் கிணற்றடிக்குப் போய் உளூச் செய்தார். வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதால் பல்செட்டைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் ஒரு கிளாஸுக்குள் வைத்தார். முகம் கழுவிக் கண் திறந்தபோது கிளாஸ் இருந்தது, பல் இல்லை.

அதை எடுக்க வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. கை தானாகப் போனது. நடுங்கவே இல்லை. மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நல்லவேளையாக அன்று பகற்சாப்பாட்டோடு போட்டிருந்தேன்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. கொழும்புக்குப் பல தடவை போய் அளவெடுத்துக் கட்டிய பல். உம்மா பிரியாணிச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதார். சீனத்தும்மா பேசியதில் பாதி காற்றாக வந்தது. மகள்தான் மொழிபெயர்த்தாள்.

"இந்த ஊட்டுல ஆரோ எடுத்திருக்காங்களாம். எடுத்தது ஆரெண்டு தெரியாம உம்மா எழும்பமாட்டாவாம்." அவள் தாயின் வாயருகே காதை வைத்தாள். "இன்னும் கொஞ்சம் ஏசினவ. அத நான் செல்லல்ல."

பெரியும்மா பாயை விரித்தார். எல்லோருக்கும் களைப்பாக இருக்கும் என்று நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். றாஹிலா ராத்தாவுக்கு முட்டு வருத்தம். அவர் குடிக்கும் குளிசை அடுப்படித் தட்டில் இருக்கும். அது உங்கள் மாத்திரைக்கு நேர் எதிரானது. அதே குடும்பத்து வாங்கிகளைத் தூண்டி மூச்சுக்குழாயைத் திறக்கும். கூடுதலாக எடுத்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நதீராவின் கோப்பியில் அதைத்தான் கரைத்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ராத்தாவுக்குக் கொடுத்த கோப்பியில் எதுவும் இல்லை. முட்டு வருத்தக்காரருக்கு உங்கள் மாத்திரை ஆபத்து என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். சீனத்தும்மாவுக்குச் சீனி வருத்தம். சீனி இறங்கும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும் என்று வாசித்திருந்தேன். அவருடைய கோப்பையையும் நான் தொடவில்லை. நான் பொறுப்பில்லாதவள் அல்ல.

முதலில் என்னை இருத்தினார்கள். எப்போதும் என்னில் இருந்துதான் தொடங்குவார்கள். பெரியும்மா விரல்களை வைத்தார்.

"பல்லு" என்றார்.

காத்திருந்தார். விரலை இடம் மாற்றி வைத்தார். மீண்டும் "பல்லு" என்றார். அவருடைய புருவம் உயர்ந்தது. "குளத்துத் தண்ணி மாதிரிக் கிடக்கு. சுஹறாட நாடியா இது? கையக் காட்டுகா, மத்தக் கைய."

மற்றக் கையும் அப்படியே இருந்தது. கை குளிர்ந்திருக்கிறதே என்று மட்டும் கேட்டார். இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அப்படி ஆகும். நான் அதை விளக்கவில்லை.

பிறகு றாஹிலா ராத்தா. பிறகு நதீரா.

"பல்லு."

நதீராவின் விரல்கள் பாயில் தாளம் போட்டன. "ஓடுதுகா" என்றார் பெரியும்மா, "வெருண்ட மாடு மாதிரி ஓடுது."

"நானில்ல பெரியும்மா. அந்தப் பல்ல நான் என்னத்துக்கு எடுக்கிற? எனக்குப் பல் இரிக்கே."

"அதத்தான் நானும் கேக்கன். இரிக்கிற பல்லுப் போதாதா ஒனக்கு?"

சீனத்தும்மா எழுந்தார். மகள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கள்ளிய எடுக்க ஏலாதாம். மூத்தவள்ட நாடி நல்லமெண்டா மூத்தவளையே எடுப்பமாம். கோச்சிச் சத்தம் பரவால்லயாம்."

இப்படித்தான் சம்பந்தம் மீண்டும் எனக்கு வந்தது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு தட்டத்தை வைத்து நடந்த அநியாயம் ஒரு நாடியை வைத்துச் சரியானது, அவ்வளவுதான்.

அந்தக் கதை அத்தோடு முடிந்திருந்தால் உங்கள் மாத்திரை மாதக் கடைசி வரை இருந்திருக்கும். ஆனால் காலிதீன் மறுத்தார். எப்போதோ எங்கள் படலையைக் கடந்து போகையில் நதீராவைக் கண்டிருக்கிறார். தன் சகோதரியிடம் சொல்லி அனுப்பினார்: "உம்மாக்குப் புதுசாப் பல்லுக் கட்டிக் குடுக்கன். பல்ல மாத்தலாம். பொண்ண மாத்த ஏலா."

நல்ல வாக்கியம். பெரியும்மாவுக்கும் பிடித்தது. ஆனால் அவர் வாக்கியங்களை நம்புபவர் அல்ல. "அவன நோன்பு துறக்க என்ட ஊட்டுக்கு வரச் செல்லுங்க. இந்தக் கையாலதான் அவன எடுத்த. எனக்கிட்ட ஒளிக்க ஏலாது. ரெண்டு பேரையும் செல்லிப் பாப்பம். ஓடுற பேர் எதுவோ, அவள்" என்றார்.

அவர் வந்தார். நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் எல்லோருக்கும் பொது. மாப்பிள்ளைக்கென்று தனிக் கிண்ணத்தில் கடற்பாசி இனிப்பு அனுப்புவது முறை. அதை நான் செய்தேன். மாத்திரை கசக்கும். ஏலமும் பன்னீரும் போட்டு, சீனி சற்றுக் கூடச் சேர்த்தேன். அவருக்குச் சீனி கூட வேண்டும் என்று எப்படியோ தெரிந்திருந்தது. அவருக்கு முட்டு இல்லை, நெஞ்சு நோய் இல்லை, சீனி இல்லை என்பதை அவருடைய சகோதரியிடம் முன்பே பேச்சுவாக்கில் விசாரித்திருந்தேன்.

மஃரிபும் தொழுது, கதைத்துக்கொண்டிருந்து, இஷாவுக்குப் பாங்கு சொல்லச் சற்று முன் பெரியும்மா வெள்ளைத் துணியை எடுத்தார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நதீரா" என்றார் பெரியும்மா.

ஒன்றுமில்லை.

"சுஹறா."

ஒன்றுமில்லை. நான் அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தது நடக்கும்போது வருத்தப்பட ஒன்றுமில்லை.

"எனக்குள்ள ஏதோ இரிக்கிது எண்டு நெனச்சன், பெரியும்மா" என்றார் காலிதீன். "சின்னவள்ட பேரக் கேட்டா நெஞ்சு அடிக்கிற."

"எங்க மகன் அடிக்கிது? நான் புடிச்சிக்கிட்டெல்லுவா இரிக்கன். ஒண்டும் அடிக்கல்ல."

அவர் தன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சாவி வைத்த இடம் மறந்தவரைப் போலச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "ஓம்" என்றார். "இப்ப அடிக்கல்லதான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாடி. அப்ப மூத்தவள்தான் முறை" என்று பெரியும்மா துணியை மடித்தார்.

இந்த ஊரில் ஒருவர் தன் மனதைவிடப் பெரியும்மாவின் விரல்களை நம்புவார். அது என் தவறல்ல. நான் பிறக்குமுன்பே அப்படித்தான்.

ஆனால் மாத்திரை ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை. மறுநாள் பகலில் அவருடைய சகோதரி எங்கள் படலைக்கு வந்து தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள்: "காக்காக்குத் திரும்பவும் ஒரு மாதிரியா இரிக்காம். நாடி பாத்தது சரிதானா எண்டு கேக்காரு." ஆகவே அன்றும் கடற்பாசி போனது. சம்பந்தம் பேசிய வீட்டுக்கு நோன்பு மாதம் முழுவதும் சாப்பாடு அனுப்புவது வழக்கம்தானே. வழக்கத்தை நான் மீறவில்லை. என் பங்கு மாத்திரையில் அவருக்கும் பங்கு போயிற்று. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

இப்போது அவர் அமைதியாக இருக்கிறாராம். சற்றுக் களைப்பு, வாய்க்கால் கட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இரவில் விசித்திரமான கனவுகள். கனவு எனக்கும் வருகிறது. என் கனவில் ஜாம் போத்தலுக்குள் இருந்து பற்கள் "கோச்சி வந்துட்டு" என்கின்றன. மற்றபடி நலம்.

நதீராவைப் பற்றியும் நான் யோசிக்காமல் இல்லை. அவள் சஹர் சாப்பாட்டுக்கும் எழும்புவதில்லை, நோன்பு துறக்கவும் தண்ணீர் மட்டுந்தான். தன் அலுமாரியை அடிக்கடி கிளறிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "பல்ல" என்றாள். "நாடி பொய் செல்லாதே ராத்தா. எனக்குத் தெரியாம நான் எடுத்திருப்பனோ?"

அது என்னைத் தொட்டது. நேரே பெரியும்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். "பல்ல நான்தான் எடுத்தன்."

என் பங்கும் கடற்பாசிக்குள் போய்விட்டிருந்ததால் அன்று நான் மாத்திரை போட்டிருக்கவில்லை. பெரியும்மா என் கையை இழுத்துப் பிடித்தார். நாடி பாய்ந்தது. அவர் கண்கள் கலங்கின.

"பொய்" என்றார். "பச்சப் பொய். தங்கச்சிர களவத் தன்ட தலையில போடப் பாக்காள். இப்படி ஒரு புள்ளையப் பெத்த நீ சொர்க்கத்துக்குத்தான் போவாய்கா" என்று உம்மாவைக் கட்டிப்பிடித்தார். றாஹிலா ராத்தா அழுதார். நதீரா என் கைகளை முத்தமிட்டாள். "நீங்கதான் கட்டணும் ராத்தா. நீங்க கட்டினாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். இந்தச் செய்தி நிந்தவூர் வரை போய், சீனத்தும்மா எனக்கொரு சாரி அனுப்பினார்.

நான் உண்மையைச் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் நம்பவில்லை. போத்தலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். அன்று அது தோன்றவில்லை. அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

பெருநாள் கழிந்த பிறகு காவின் எழுதிக் கல்யாணம். அன்றிரவு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருவார். அதன் பிறகு இங்கேதான் இருப்பார். நதீராவும் இந்த வளவில்தான் இருப்பாள், அடுத்த அறையில். அதில் எனக்குக் கவலையில்லை.

எனக்கு இன்னும் கொஞ்சம் மாத்திரை தேவை. நிறைய வேண்டாம், பெருநாள் வரைக்கும் போதும். என்னுடையதை நீங்கள் சொன்னபடி படிப்படியாகக் குறைப்பேன். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று முதல் நாளே எச்சரித்தீர்கள். நாட்கணக்காக அடைபட்டிருந்த வாங்கிகள் பெருகியிருக்கும், மறித்து வைத்த வாய்க்காலைத் திறந்தது போல இதயம் முன்னையைவிட வேகமாகப் பாயும் என்றீர்கள். நான் மறக்கவில்லை.

அவருடையதைத்தான் திடீரென்று நிறுத்தப் போகிறேன். காவினுக்குச் சற்று முன்னதாக. இரவில் அவர் உள்ளே வரும்போது அந்த அறையில் நான் மட்டும் நிற்கும்படி பார்த்துக்கொள்வேன். நதீராவை ராத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அவர் கதவைத் திறப்பார், என்னைப் பார்ப்பார், அவருடைய நெஞ்சு ஓடும். பெரியும்மாவை அழைத்து விரல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். நாடி பொய் சொல்லாது, டொக்டர். அவர் என்னைப் பார்த்துத்தான் அப்படி ஆவார்.